மைக்ரோவேவ் சூடாக்கவில்லையா? மெக்கானிக்குக்கு போன் போடும் முன்

ரிப்பேர் என்று துணி போட்டு மூடி வைத்திருக்கும் மைக்ரோவேவ் ஓவன்களில் பல நன்றாகத்தான் இருக்கின்றன. கோளாறு பிளக்கில் இருக்கும், இல்லாவிட்டால் வோல்டேஜில், அதுவும் இல்லாவிட்டால் உள்ளே வைத்த பாத்திரத்தில். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் என்று டெல்டாவில் எங்கே இருந்தாலும் இவற்றைப் பார்த்துவிட்டு அப்புறம் ஆளைக் கூப்பிடுங்கள். எதற்கும் ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

அதிகம் வரும் புகார் இதுதான்: லைட் எரிகிறது, தட்டு சுற்றுகிறது, சோறு மட்டும் ஜில்லென்று இருக்கிறது. சோற்றை வைத்துச் சோதித்தால் ஒன்றும் புரியாது. ஒரு பீங்கான் கப்பில் 250 மில்லி தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு மரக் கரண்டியைப் போட்டு, ஃபுல் பவரில் 2 நிமிடம் விடுங்கள். 800 வாட் ஓவன் என்றால் அதற்குள் கொதித்துவிட வேண்டும். மரக் கரண்டி எதற்கு என்றால், வழவழப்பான கப்பில் தண்ணீர் கொதிநிலையைத் தாண்டியும் ஒரு குமிழி கூட விடாமல் சாதுவாக நிற்கும், வெளியே எடுத்து லேசாக ஆட்டியதும் குபீரென்று பொங்கிக் கையில் கொட்டும். கரண்டி இருந்தால் குமிழி அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடும்.

தண்ணீர் கொதித்துவிட்டதா, ஓவனில் குறையில்லை. யாராவது பவர் லெவலைக் குறைத்தோ டீஃப்ராஸ்டில் போட்டோ வைத்திருப்பார்கள். சோறு ஓரத்தில் சுட்டு நடுவில் ஆறிக் கிடந்தால் அதுவும் ரிப்பேர் இல்லை, அலைகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுவதில்லை. நடுவில் குழி விட்டுப் பரப்பி, ஒரு கை தண்ணீர் தெளித்து, மூடி வையுங்கள்.

வெதுவெதுப்போடு நின்றுவிட்டதா, சந்தேகம் வோல்டேஜ் மேல். நம் ஊரில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12ஆம் தேதி திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், அதுவரை குறுவைக்கு போர் மோட்டார்தான் கதி, மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கிராமத்து லைனில் வோல்டேஜ் இறங்கும். டிரான்ஸ்ஃபார்மரை விட்டுத் தள்ளி, லைன் முடியும் இடத்தில் இருக்கும் வீடு கரண்டுக்கும் கடைமடைதான். ஓவனுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. லைனில் வருவது 180க்கு இறங்கினால், சூடாக்கும் அலையை உண்டாக்குகிற மேக்னட்ரான் என்ற பாகத்துக்குப் போக வேண்டிய உயர் வோல்டேஜும் சேர்ந்து இறங்கும், அப்புறம் சத்தம் இருக்கும், சூடு இருக்காது. ஏ.சி. ஸ்டெபிலைசரில் எண் தெரிந்தால் மாலை 7 மணிக்கு ஒரு தடவையும் விடியற்காலையில் ஒரு தடவையும் பாருங்கள். காலையில் கொதிக்கிற அதே தண்ணீர் மாலையில் கொதிக்காவிட்டால் ஓவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. த்ரீ ஃபேஸ் வீடு என்றால் எந்த ஃபேஸில் லோடு குறைவோ அதில் சமையலறையை மாற்றிக் கொடுக்கும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லலாம். ஸ்டெபிலைசர் வாங்குவதானால் ஃபிரிட்ஜுக்குப் போடுகிற சின்னது தாங்காது. 800 வாட் என்பது உணவுக்குள் போகிற கணக்கு, சுவரிலிருந்து ஓவன் இழுப்பது 1200 வாட்டுக்கு மேல். இதே காரணத்தால்தான் வீட்டு இன்வெர்ட்டரில் ஓவனை ஓட்டக் கூடாது, ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்ட இன்வெர்ட்டர் கத்திக்கொண்டு நின்றுவிடும்.

தண்ணீர் துளிகூடச் சூடாகவில்லை என்றால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். வழக்கத்தைவிடக் கனமாக 'உம்ம்' என்று உறுமினால் பெரும்பாலும் உள்ளே டயோடோ கெபாசிட்டரோ போயிருக்கும், உடனே நிறுத்திவிடுங்கள். உறுமலே இல்லாமல் ஃபேன் மட்டும் ஓடினால் கதவு ஸ்விட்ச் மேல் சந்தேகப்படலாம். கதவுக்குப் பின்னால் குட்டிக் குட்டியாக ஸ்விட்சுகள் இருக்கின்றன, எல்லாம் சரியாக அமுங்கினால்தான் மேக்னட்ரானுக்குக் கரண்ட் போகும். ஸ்டாப் பட்டனை அமுக்காமல் ஓடும்போதே கதவைப் படாரென்று திறக்கிற பழக்கம் இந்த ஸ்விட்சுகளைத்தான் தின்னும். கொக்கியில் பழைய குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தாலும் கதவு முழுசாகச் சாத்தாது, ஈரத்துணியால் துடைத்துவிட்டு இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள்.

லைட்டே எரியவில்லையா? ஓவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதே சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸைச் செருகிப் பாருங்கள். செல்போன் சார்ஜர் வேண்டாம், தளர்ந்துபோன சாக்கெட்டும் சார்ஜருக்குக் கரண்ட் கொடுத்துவிடும். ஓவனுக்குப் பெரிய பவர் பிளக்தான் வேண்டும். கன்வர்ஷன் பின் போட்டு 5 ஆம்பியர் சாக்கெட்டில் செருகியிருந்தாலோ, மிக்ஸி, கிரைண்டரோடு சேர்த்து ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போட்டிருந்தாலோ பின் கறுத்து உருகியிருக்கும், மோந்து பார்த்தாலே தெரியும். டிஸ்பிளே எரிகிறது, ஆனால் எந்த பட்டனும் வேலை செய்யவில்லை என்றால் சைல்ட் லாக். பல மாடல்களில் ஸ்டாப் பட்டனைச் சில விநாடி அமுக்கிப் பிடித்தால் விடும்.

தீப்பொறி பறந்தால் எல்லோரும் பயந்துபோகிறோம், ஆனால் காரணம் பெரும்பாலும் சின்னது. ஆறிப்போன காபியை டபரா டம்ளரோடு உள்ளே வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எவர்சில்வர், பித்தளை, அலுமினியத் தாள், ஓரத்தில் தங்கக் கோடு போட்ட பீங்கான் கப் எதுவும் மைக்ரோவேவ் மோடில் ஆகாது. பாத்திரம் சரியாக இருந்தும் பொறி வந்தால் உள்ளே வலது பக்கச் சுவரைப் பாருங்கள். பெரும்பாலான மாடல்களில் அட்டை மாதிரி ஒரு தகடு அங்கேதான் இருக்கும், மைக்கா ஷீட் என்பார்கள். அலை அந்த வழியாகத்தான் வருகிறது. வத்தக்குழம்பைத் திறந்தபடி சூடுபண்ணினால் எண்ணெய் தெறித்து அதில் ஒட்டும், ஒட்டியது கருகும், கருகிய இடத்தில் பொறி கிளம்பும். லேசான அழுக்கென்றால் துடைத்தால் போதும். ஓட்டை விழுந்திருந்தால் புது ஷீட் வாங்கிப் பழையதை அளவு வைத்து வெட்டிப் போட வேண்டும், அதிகச் செலவில்லாத வேலை. வேதாரண்யம், நாகை மாதிரி உப்புக்காற்று அடிக்கிற ஊர்களில் உட்சுவர் பெயிண்ட் உரிந்து துரு ஏறினாலும் பொறி வரும். துரு ஓட்டையாகிவிட்டாலோ கதவு கோணிக்கொண்டாலோ அந்த ஓவனைப் பயன்படுத்தாதீர்கள். அலை கசிகிறதா என்று செல்போனை உள்ளே வைத்து ரிங் கொடுத்துப் பார்க்கும் சோதனை எதையும் நிரூபிக்காது.

தட்டு சுற்றாவிட்டால் எடுத்துக் கழுவி, அடியில் இருக்கும் சக்கர வளையத்தையும் கழுவி, நடுக் குமிழில் சரியாக உட்கார வையுங்கள். இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

பாதியில் நின்று, பத்து இருபது நிமிடம் கழித்துத் தானாகவே உயிர் வந்தால் உள்ளே சூடு ஏறிக் காப்பு ஸ்விட்ச் கட் செய்திருக்கிறது. ஓவன் மேல் பூவேலை செய்த துணி, அதன் மேல் நியூஸ்பேப்பர் கட்டு, பின்பக்கம் சுவரோடு ஒட்டி வைத்தது என்று காற்றுத் துவாரங்களை அடைத்திருப்போம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நாலு விரல் இடமாவது விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கதகதப்பு தேடிப் பல்லியும் கரப்பானும் எறும்பும் இந்தத் துவாரங்கள் வழியாகத்தான் உள்ளே குடியேறுகின்றன. தானாக பீப் அடிப்பது, டிஸ்பிளேயில் கன்னாபின்னாவென்று எண் ஓடுவது எல்லாம் அவை போர்டில் ஊர்ந்ததாலோ ஈரத்தாலோ இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு நாள் காய விடுங்கள். துவாரத்துக்குள் கரப்பான் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்.

சரி, ஸ்க்ரூடிரைவர் விஷயம். வெளிக்கூட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு கெபாசிட்டர் இருக்கிறது. ஆயிரக்கணக்கான வோல்ட்டில் வேலை செய்வது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் சார்ஜ் தங்கியிருக்கலாம், கை பட்டால் உயிரே போகும். மிக்ஸியைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். யூடியூபில் காட்டுகிறார்களே என்று இறங்காதீர்கள்.

மெக்கானிக்கிடம் 'ஓடலைங்க' என்று மட்டும் சொல்லாமல், தண்ணீர் என்ன ஆனது, உறுமல் உண்டா இல்லையா, வோல்டேஜ் எவ்வளவு என்று மூன்றையும் சொன்னால் தேவையான ஸ்பேரோடு ஒரே நடையில் வந்துவிடுவார். மேக்னட்ரான் போய்விட்டது என்று சொன்னால் சரியென்று தலையாட்டுவதற்கு முன் பழைய பில்லைத் தேடி எடுங்கள். பல கம்பெனிகள் மேக்னட்ரானுக்கு மட்டும் தனியாகக் கூடுதல் வருட வாரண்டி கொடுக்கின்றன. அதுவும் முடிந்திருந்தால், சூடு மட்டும் பண்ணுகிற சின்ன சோலோ மாடலுக்கு மேக்னட்ரான் மாற்றுவதைவிடப் புதிது வாங்குவதே மேல் என்பது என் கணக்கு. கன்வெக்‌ஷன் மாடல் (கேக் சுடவும் உதவுவது) என்றால் எஸ்டிமேட் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்கள்.