கரையை விட்டு விலகும் நீரோட்டம்: விளக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரோட்டம் ஏன் கரையை விட்டு விலகுகிறது என்று கேட்டால், "கரை வளையுது, தண்ணி நேரே போகுது" என்பதுதான் அனேகமாக வரும் பதில். அது பாதிதான் சரி. அம்பாறையின் சங்கமன்கண்டி முனையைப் பாருங்கள். இலங்கையின் கிழக்கு அந்தம் அதுதான். அதற்குத் தெற்கே கரை தென்மேற்காகத் திரும்புகிறது. வாடைக் காலத்தில், அதாவது வடகிழக்குப் பருவக்காற்று வீசும்போது, இந்தியக் கிழக்குக் கரையோரமாக இறங்கும் நீர், நம் கரையையும் ஒட்டிக்கொண்டு தெற்கே போய், தீவைச் சுற்றி அரபிக் கடல் பக்கம் திரும்பிவிடுகிறது.

கச்சான், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, வீசும் காலத்திலும் மட்டக்களப்புக்கு வெளியே ஓட்டம் பெரும்பாலும் தெற்கு நோக்கியே. கிழக்கே இடஞ்சுழியாகச் சுற்றும் பெரிய நீர்ச்சுழலின் மேற்கு விளிம்பு அது. ஆனால் அப்போது தென்கரையோரமாகக் கிழக்கு நோக்கி இன்னோர் ஓட்டம் வருகிறது. இரண்டும் தென்கிழக்கு மூலையில் முட்டுகின்றன. கரைப்பக்கம் வழியில்லாததால் நீர் ஆழ்கடலுக்குத் திரும்புகிறது. முனை ஒன்றுதான், பருவம்தான் வேறு. ஆக, வளைவு மட்டும் காரணமல்ல.

அதற்காக வளைவைத் தள்ளிவிடவும் கூடாது. கரை விலகும் இடத்தில் ஓட்டம் விரிந்து வேகம் குறைகிறது. வேகம் குறையக் குறைய முன்னே அழுத்தம் கூடுகிறது. உராய்வால் ஏற்கெனவே தளர்ந்த கரையோர நீர் அதை எதிர்த்துப் போக முடியாமல் நின்று, பின்னுக்குத் திரும்புகிறது. தொடர்ந்து வரும் ஓட்டம் வெளியே தள்ளப்படுகிறது. முனைகளுக்கு அப்பால் எதிர்ச்சுழல் உருவாவது இப்படித்தான்.

பாடநூலில் வரும், அமெரிக்கக் கிழக்குக் கரையோரமாக வடக்கே ஓடும் வளைகுடா நீரோட்டத்தை (Gulf Stream) அப்படியே இங்கே ஒட்டுவது அடுத்த தவறு. அது ஹட்டராஸ் முனையில், ஏறத்தாழ 35° வடக்கில் விலகுகிறது. காற்று மட்டுமே தீர்மானித்தால் இன்னும் வடக்கே போயிருக்கும். கடலடிச் சரிவுக்கும் அடியில் தெற்கே வரும் குளிர்ந்த ஆழ்நீருக்கும் அதில் பங்குண்டு. புவிச்சுழற்சியின் பிடியும் வேறு: தள்ளிவிட்ட நீர் ஒரு வட்டம் சுற்ற அங்கே சுமார் 21 மணித்தியாலம், மட்டக்களப்பின் 7.7° அகலக்கோட்டில் சுமார் 90. அதாவது இங்கே பிடி தளர்வு.

கவனிப்பதிலும் சறுக்குவார்கள். மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் வெறும் போத்தலை விட்டால் கச்சான் அதைக் கடலுக்குள் கொண்டுபோகும். அது காற்றின் வேலை, ஓட்டம் விலகியதற்குச் சான்றல்ல. கழுத்து மட்டும் வெளியே தெரியும்வரை ஈரமணல் நிரப்பினால் காற்றுப் பிடி குறையும். ஆய்வு மிதவைகளுக்கு 15 மீற்றர் ஆழத்தில் துணிக்குழாய் தொங்குவதும் இதற்காகத்தான். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டியதும் கடலில் நீளும் கலங்கல் நீரையும் ஓட்டம் விலகுவதோடு குழப்பாதீர்கள், அது வாவி வெள்ளம்.

செய்மதி வெப்பநிலைப் படத்தை மட்டும் நம்பினால், வெயிலில் சூடேறிய மேல்தோல் கீழுள்ள ஓட்டத்தின் எல்லையை மறைத்துவிடும். கடல்மட்ட உயரப் படத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆனால் கரையை ஒட்டிய சில பத்துக் கிலோமீற்றருக்குள் அதுவும் தடுமாறும், அங்கே மிதவைதான் கைகொடுக்கும்.