ஞாயிற்றுக்கிழமைக் கறி: கடையிலிருந்து அடுப்பு வரை

நோயில்லாத ஆட்டின் தசைக்குள் பொதுவாகக் கிருமி இருக்காது. தோல் உரிக்கும்போது ரோமத்திலிருந்தும், குடல் கிழிந்தால் அதன் கழிவிலிருந்தும் ஈ.கோலி, சால்மோனெல்லா போன்றவை கறியின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் ஒரே கத்தி, ஒரே கட்டை வழியாக அடுத்த துண்டுக்குப் போகின்றன.

அதனால் கடையில் முதலில் கட்டையைப் பாருங்கள். குடலும் காலும் வெட்டிய கட்டையை வெறுமனே அழுக்குத் துணியால் துடைத்துவிட்டுத் தொடைக்கறியை வைத்தால் வேறு கடைக்குப் போய்விடுவது நல்லது. பெரம்பூர், சைதாப்பேட்டை போன்ற மாநகராட்சி ஆட்டுத்தொட்டிகளில் (ஆடு அறுக்கும் கூடங்களில்) கால்நடை மருத்துவர் பரிசோதித்த கறியில் முத்திரை இருக்கும். கூச்சப்படாமல் காட்டச் சொல்லுங்கள். ஆனால் தொட்டியை விட்டு வந்தபின் கடையில் நடப்பதற்கு அந்த முத்திரை பொறுப்பாகாது. கொத்துக்கறியைக் கண்முன் கொத்தச் சொல்லி வாங்குங்கள். மேலே இருந்த கிருமி கொத்தும்போது உள்ளேயும் கலந்துவிடும். நடுவில் சிவப்பு இல்லாமல் வேகவேண்டும்.

5 முதல் 60 டிகிரி வரை கிருமிக்குக் கொண்டாட்டம். தோதான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் கிருமி, 3 மணி நேரத்தில் ஒன்றிலிருந்து 512 ஆகிவிடும். சாதாரணமாக 2 மணி நேரத்துக்குள் கறி ஃப்ரிட்ஜுக்குப் போகவேண்டும். 32 டிகிரியைத் தாண்டிய சென்னை வெயிலில் 1 மணி நேரம்தான். காய்கறி, மளிகை முடித்துவிட்டுக் கடைசியாகக் கறி வாங்குங்கள். மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில், சுற்றி ஐஸ் வைத்துக் கொண்டுவரலாம்.

கோழியைக் குழாயடியில் கழுவினால் கிருமி தெறித்து சிங்க், பக்கத்துக் கொத்தமல்லி எல்லாவற்றிலும் படியும். கழுவியே தீரவேண்டுமென்றால் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அலசி, மெதுவாகக் கொட்டுங்கள். மஞ்சளும் கல்லுப்பும் வாடையைக் குறைக்கும். கிருமியை ஒழிக்க அதை நம்பக்கூடாது. அதற்குச் சூடுதான்: எலும்போரம் 74 டிகிரி.

பலகையை முதலில் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 சதவீத ப்ளீச் திரவம் 4 மில்லி கலந்து ஊற்றி 2 நிமிடம் விட்டு அலசுங்கள். கொழுப்பு, ரத்தம் ஒட்டியிருந்தால் ப்ளீச்சில் உள்ள குளோரின் அதிலேயே தீர்ந்துவிடும். சோப்பு முதலில் வருவது அதனால்தான்.

மிச்சக் குழம்பை அண்டாவோடு ஆறவிடாதீர்கள். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியையும் தாங்கி, அண்டா மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகும். 2 அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் அகலப் பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரவு முழுக்க வெளியே கிடந்ததைக் கொட்டிவிடுங்கள். ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற கிருமி விட்ட நச்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது.