‘பை ஃபிரைடே’ என்றால் எப்போது?

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்ட அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் ‘பை ஃபிரைடே’ (by Friday) என்றிருந்தால், வெள்ளிக்கிழமைக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். புதனன்றே கொடுத்தாலும் சரி, வெள்ளியன்று கொடுத்தாலும் சரி. சனிக்கிழமை போனால் கிராணி (அலுவலக எழுத்தர்) கையை விரித்துவிடுவார். இதை மலாய் மொழியின் ‘செபெலும்’ (அதற்கு முன்) என்று எண்ணி வியாழனோடு கெடு முடிந்ததாகப் பதற வேண்டாம். வெள்ளியும் கணக்கில் உண்டு.

இங்கே ‘அன்டில்’ போடுவதுதான் பலரும் செய்யும் குளறுபடி. ‘ஐ வில் கம் பை ஃபைவ்’ என்றால் ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன். ‘ஐ வில் வெயிட் அன்டில் ஃபைவ்’ என்றால் ஐந்து மணிவரை காத்திருப்பேன். ஐயம் வந்தால் மனத்துக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘க்குள்’ பொருந்தினால் ‘பை’, ‘வரை’ பொருந்தினால் ‘அன்டில்’.

ஈப்போவுக்குப் பேருந்தில் போனால் ‘பை பஸ்’, காரில் போனால் ‘பை கார்’. ஆனால் ‘பை மை கார்’ தவறு; ‘இன் மை கார்’ என்பதே சரி. மோட்டார் சைக்கிள் என்றால் ‘ஆன் மை மோட்டார்சைக்கிள்’. நடந்து போவதற்கு ‘ஆன் ஃபுட்’.

படிவத்தின் அடியில் ‘சப்மிட் பை ஹேண்ட்’ என்றிருந்தால் தபால்தலை வாங்காதீர்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.