அயல் மீன் ஆற்றில் எதுவரை வந்திருக்கிறது? வரைபடத்தில் பின்தொடரும் முறை

தூண்டில் விளையாட்டுக்காக ஏரியில் விடப்படும் மீன், வழி கிடைத்தால் ஆற்றில் இறங்கிவிடும். அமெரிக்காவின் கொலராடோ ஆற்றையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம். ஸ்மால்மவுத் பாஸ் என்னும் கொன்றுண்ணி மீன் 1982இல் பவல் ஏரியில் விடப்பட்டது. ஏரியைத் தேக்கிவைத்திருக்கும் கிளென் கேன்யன் அணைக்குக் கீழே, கிராண்ட் கேன்யனில், ஹம்ப்பேக் சப் என்ற அரிய மண்ணின் மீன் வாழ்கிறது.

முதல் படி: அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் அயல் நீர்வாழ் உயிரினத் தரவுத்தளத்தில் மீனின் பெயரைத் தேடி, பதிவுகளை அட்டவணைக் கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை.

இரண்டாம் படி: களையெடுப்பு. ஆண்டு இல்லாத பதிவுகளைத் தனியே வையுங்கள். சில புள்ளிகள் மீன் பிடிபட்ட இடத்தைக் காட்டுவதில்லை. ஒரு பரப்பின் நடுப்புள்ளியாக மட்டும் இருக்கும். அவற்றை நீக்குங்கள். இல்லாவிட்டால் மலையுச்சியில் மீன் நீந்தும்!

மூன்றாம் படி: கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் கோப்பைத் திறந்து, தீர்க்கரேகையை எக்ஸ் என்றும் அட்சரேகையை ஒய் என்றும் கொடுங்கள். தொடங்குபவர்கள் பெரும்பாலும் இதை மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள்.

நான்காம் படிதான் உயிர்நாடி. தொலைவை நேர்கோட்டில் அளக்காதீர்கள். மீன் ஆற்றின் வளைவுகளில்தான் போகும். இங்கே லீஸ் ஃபெரி என்ற இடம் சுழியம். அதற்கு மேலே உள்ள மைல்களுக்குக் கழித்தல் குறி. 2022 கோடையில் பாஸ் குஞ்சுகள் அகப்பட்ட தேங்குநீர்ப் பகுதி, கழித்தல் 12ஆம் மைலில் இருக்கிறது. சப் மீன்களின் முக்கிய இருப்பிடமான சின்னக் கொலராடோ ஆற்றின் கூடுமுகமோ ஏறக்குறைய 61ஆம் மைல். இடைவெளி சுமார் 73 ஆற்று மைல்கள்.

பெரிய மீனையும் குஞ்சையும் வேறு வேறு நிறத்தில் குறியுங்கள். பெரிய மீன் அணையில் மின்சாரம் எடுக்கும் சுழலி (டர்பைன்) வழியாகத் தப்பி வந்ததாக இருக்கலாம். குஞ்சோ, அருகிலேயே இனப்பெருக்கம் நடந்திருக்கலாம் என எச்சரிக்கிறது. என் பார்வையில், நூறு பெரிய மீன்களைவிட அந்த ஒரு குஞ்சுதான் கவலைக்குரியது.

பக்கத்தில் நீரின் வெப்பநிலையையும் எழுதுங்கள். ஏறக்குறைய 16 டிகிரி செல்சியசைத் தாண்டினால் இந்த மீன் முட்டையிடத் தொடங்கும். ஏரி மட்டம் தாழ்ந்தபோது, மேலடுக்கின் வெதுவெதுப்பான நீரும் அங்கு வாழும் பாஸும் சுழலிக்குப் போகும் குழாய்வாயை நெருங்கின. 2024இல் ஆழத்துக் குளிர்நீரைத் திறந்துவிட்டது அந்தச் சூட்டைத் தணிக்கத்தான்.

கடைசியாக, வலை வீசியும் எதுவும் அகப்படாத நாள்களுக்கும் தேதியும் மைலும் போட்டு ஒரு வரிசை சேருங்கள். அவை இல்லாமல், தேடிப் பார்த்த வெற்றிடத்தையும் யாரும் தேடவே செய்யாத வெற்றிடத்தையும் வரைபடத்தில் பிரித்தறிய முடியாது.