மின்சாரச் சீர்திருத்தம்: வாசிகசாலை வாங்கில் நாம் விடும் தவறுகள்

எங்கள் ஊர் வாசிகசாலையில் இலங்கை மின்சார சபைக் கதை தொடங்கினால் இரண்டே கட்சிதான். "வித்துப்போட்டாங்கள், இனிப் பில் கட்டேலாது" என்பார் ஒருவர். "தனியாரிட்டைக் குடுத்தால்தான் உருப்படும்" என்பார் மற்றவர். இருவரும் விடுவது ஒரே தவறு. சீர்திருத்தம் என்றாலே விற்பனை என்று வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

1990களில் உலக வங்கி வளர்முக நாடுகளுக்கு எழுதிக் கொடுத்த மருந்துச்சீட்டில் பல சரக்குகள் இருந்தன. சபையைக் கம்பனியாக்குவது ஒன்று. உற்பத்தி, செலுத்துகை (பெரிய லைன்களில் தூர இடங்களுக்குக் கொண்டுபோவது), விநியோகம் என்று பிரிப்பது இன்னொன்று. கட்டணம் தீர்மானிக்கும் வேலையை அமைச்சரிடமிருந்து தனியான ஒரு கண்காணிப்பு ஆணைக்குழுவுக்கு மாற்றுவது, தனியாரை உள்ளே விடுவது, கடைசியில் போட்டிச் சந்தை என்று சீட்டு நீளும். சிலி 1982இலேயே இந்த வழியில் போய்விட்டது. முழுச் சீட்டையும் முடித்த வளர்முக நாடுகள் சொற்பம். பெரும்பாலானவை பாதி வழியில் நின்றுவிட்டன, நாங்களும்தான். 2002இல் ஒரு சீர்திருத்தச் சட்டம் நிறைவேறி, நடைமுறைக்கு வராமலே கிடந்தது. 2024இல் சபையைப் பிரிக்க 36ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2025இன் திருத்தம் பிரியும் கம்பனிகளை அரசின் கையிலேயே வைத்தது. ஆக, பிரிப்பது வேறு, விற்பது வேறு.

பிரித்தால் தானாக எல்லாம் சரிவரும் என்பதும் இல்லை. பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். தமிழ்நாடு மின்சார வாரியத்தை 2010இல் பிரித்தார்கள். கடன் குறையவில்லை, ஏறியது. 2024இல் திரும்பவும் பிரித்தார்கள்.

அடுத்ததுதான் பெரிய தவறு, படித்தவர்களும் விடுவது: அயல்நாட்டுக்குப் பலித்த மருந்தை, நமக்கு என்ன நோய் என்று பார்க்காமல் வாங்கிக் குடிப்பது. டெல்லியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். 2002இல் விநியோகத்தை மூன்று கம்பனிகளிடம் கொடுத்தபோது, வாங்கிய மின்சாரத்தில் பாதிக்குமேல் காசாகாமல் களவிலும் கசிவிலும் போய்க்கொண்டிருந்தது. இன்று அந்த இழப்பு பத்து சதவீதத்துக்கும் கீழ். உண்மைதான். ஆனால், யார் இழப்பை எவ்வளவு குறைப்பார் என்று பார்த்தே ஏலம் நடந்தது என்பதையும், ஆரம்ப ஆண்டுகளில் அரசு பெருந்தொகை கொடுத்துத் தாங்கியது என்பதையும் சொல்ல மறந்துவிடுவார்கள். அதற்கு முன்னரே ஒடிசா இதே வழியில் இறங்கியிருந்தது. தனியாரிடம் கையளித்தபோது காட்டிய கணக்கில் இழப்பைக் குறைத்துக் காட்டியிருந்தார்கள். 1999 ஒக்ரோபரில் பெரும் புயல் கம்பங்களைச் சாய்த்தது. மத்திய பகுதியை எடுத்த அமெரிக்கக் கம்பனி 2001இல் விட்டுவிட்டுப் போனது.

உகண்டா கதை இன்னும் சுவையானது. 2005இல் விநியோகத்தை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு தனியார் கம்பனிக்குக் கொடுத்தார்கள். 38 சதவீதமளவில் இருந்த இழப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. இருந்தும் சனம் சந்தோஷப்படவில்லை, விலை அதிகம் என்பதால். அந்த விலையின் பெரும்பங்கு விநியோகக் கம்பனியால் வந்ததல்ல. புஜகாலி அணைபோன்ற நிலையங்களிலிருந்து மின்சாரம் வாங்கிய விலை அது. திட்டு விழுந்தது பில் கொண்டுவந்தவனுக்கு. 2025 மார்ச்சில் குத்தகை முடிய, அரசே திரும்ப எடுத்துக்கொண்டது.

இலங்கையில் செலுத்துகையிலும் விநியோகத்திலும் போகும் இழப்பு முன்னரே பத்து சதவீதத்துக்குக் கீழ்தான். கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் லைன் வந்துவிட்டது. டெல்லிக்கும் உகண்டாவுக்கும் இருந்த நோய் நமக்கு இல்லை. மழை பொய்த்தால் எண்ணெய் எரிப்பது, நிலையங்களைக் காலத்துக்குக் கட்டாதது, செலவுக்கு ஏற்பக் கட்டணத்தைத் திருத்தாதது என்று நம்முடைய நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

அதிலும் கட்டண விசயத்தில் நம் நினைவு மோசம். பில் குறைந்தால் வெற்றி, கூடினால் தோல்வி என்று கணக்குப் போடுகிறோம். 2014 செப்ரெம்பரில் குறைத்த கட்டணம் 2022 ஓகஸ்ட் வரை ஏறவில்லை. அந்த எட்டு ஆண்டும் மின்சாரம் மலிவு என்று நினைத்தோம். மலிவு இல்லை. மிச்சச் செலவு வங்கிக் கடனாகவும் எண்ணெய்க்குக் கொடுக்காத பாக்கியாகவும் குவிந்துகொண்டிருந்தது. 2022இல் டொலரும் இல்லை என்றானபோது ஒரு நாளில் 13 மணிநேரம் இருட்டில் இருந்தோம். பிறகு கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 சதவீதம். 2025 ஜனவரியில் 20 சதவீதம் இறங்கி, ஜூனில் 15 சதவீதம் ஏறியது. இந்த ஏற்ற இறக்கத்தில் பில் கட்ட முடியாமல் லைன் வெட்டுப்பட்ட வீடுகளை மறந்து "செலவுக்கேற்ற விலை" என்று பாடம் நடத்துபவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சலுகையை யார் காசில் கொடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைக்காத சீர்திருத்தம் அரைகுறைதான்.

சரி, ஒப்பந்தங்களுக்கு வருவோம். இதை அநேகமானோர் தாண்டிப் போய்விடுவார்கள். ஒரு ஹயஸ் வானை மாத வாடகைக்குப் பேசுகிறீர்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் வாடகை, டீசல் தனி, அதுவும் டொலர் கணக்கில் என்றால் பேசுவீர்களா? பாகிஸ்தான் 1994 முதல் தனியார் மின் நிலையங்களோடு ஏறக்குறைய இப்படித்தான் பேசியது. நிலையம் சும்மா நின்றாலும் கொள்ளளவுக் கட்டணம் கொடுக்க வேண்டும். ஒருவர் மற்றவருக்குக் கொடுக்காத பாக்கி சங்கிலியாக நீண்டது. விலை தாங்காத சனம் 2024இல் மட்டும் சுமார் 17,000 மெகாவாற் அளவுக்குச் சூரியப் பலகைகளை இறக்குமதி செய்தது. கூரையில் பலகை போட வசதி இல்லாதவன் தலையில் மீதி வாடகை ஏறுகிறது. மகாராஷ்டிரத்தின் தாபோல் நிலையமும் இதே வகைதான். வாங்கிய சபையால் விலை கொடுக்க முடியாமல் 2001இல் நின்றுபோனது.

தனியார் மின்சாரம் யாழ்ப்பாணத்துக்குப் புதுச் சரக்கு இல்லை. போரில் லைன் அறுந்து, ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலத்துக்குப் பிறகு, குடாநாட்டுக்குக் கரண்ட் தந்ததில் தனியார் எண்ணெய் நிலையங்களுக்கும் பங்கு உண்டு. தேசிய மின் வலையமைப்பில் வரும் லக்சபானா மின்சாரம் மீண்டும் வந்தது போர் முடிந்து சில ஆண்டுகள் கழித்துத்தான். அந்த இடைக்கால மின்சாரத்தின் விலை எந்தப் பில்லிலும் முழுதாக வரவில்லை. எண்ணெய் மின் நிலையம் இருந்த சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு தீர்ப்பானது. அரசோ தனியாரோ, கண்காணிப்பவன் உறங்கினால் கிணற்றுக்கு அது ஒன்றுதான். ஆணைக்குழு என்று ஒரு பெயர்ப்பலகை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்கிறோம். அமைச்சர் வேண்டாம் என்றாலும் அதனால் ஒரு முடிவை எடுக்க முடிகிறதா என்று கேட்பதில்லை.

கடைசியாக, தீவுகள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின் வலையமைப்புக்கு வெளியே, டீசல் ஜெனரேற்றரில் ஓடியவை. இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் அங்கே 1,700 கிலோவாற் சூரிய சக்தி, 530 கிலோவாற் காற்று, கூடவே மின்கலம் என்று திட்டமிட்டு, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. நெடுந்தீவில் ஓர் அலகை டீசலில் உண்டாக்கும் செலவு கொழும்புச் செலவைவிட அதிகம். ஆனால் நாடு முழுக்க ஒரே கட்டணம். சபை ஒன்றாக இருந்தவரை அந்த வித்தியாசம் பெரிய கணக்குக்குள் கரைந்துபோனது. பிரித்த பிறகு அது எந்தக் கம்பனியின் புத்தகத்தில், எந்தத் தலைப்பில் எழுதப்படும்? அடுத்த கட்டணத் திருத்தத்துக்கு ஆணைக்குழு பொதுமக்கள் கருத்துக் கேட்கும்போது, வாங்கில் இருந்து எழும்பிப் போய் இதை ஒருவர் கேட்டால் நல்லது.