நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் பல்லுயிருக்கு இடம் ஒதுக்குவது எப்படி?

நிலப் பயன்பாட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் வரிசையில்தான் கோட்டை விடுகின்றன. சாலை, குடியிருப்பு, தொழிற்பேட்டை எல்லாவற்றையும் வரைந்து முடித்தபின், மிஞ்சிய துண்டுகளுக்குப் பச்சை வண்ணம் அடிக்கிறார்கள். அந்தத் துண்டுகளில் உயிர்களும் தங்காது, வெள்ளமும் அடங்காது. வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: தண்ணீர் போகும் வழி முதலில், வாழிடங்கள் அடுத்து, கட்டுமானம் கடைசியில்.

ஆவணத்தில் ‘தரிசு’ என்று எழுதியிருக்கும் இடங்களிலிருந்து தொடங்குங்கள். புல்வெளி, முட்புதர்க் காடு, சதுப்பு, பாறைப் பரப்பு என்று பயிர் விளையாத எல்லாமே அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கும். சதுப்பு வெள்ளத்தை வாங்கி வைத்து மெல்ல விடுகிறது. இயற்கையான புல்வெளியில் மரம் நட்டால், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்கு இடமே இல்லாமல் போகும். இந்தத் தவறு நல்லெண்ணத்தோடேயே நடக்கிறது. ஒவ்வோர் இடத்தையும் குறைந்தது இரண்டு முறை பாருங்கள், வறண்ட காலத்தில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று. கோடையில் வெடித்த களிமண்ணாகத் தெரியும் பள்ளத்தில், மழைக்குப் பின் தவளை முட்டைகள் நுரையாக மிதக்கலாம். கோடையில் மட்டும் போனவர் அதை ‘காலி இடம்’ என்றே எழுதுவார்.

வரைபடத்தின் அளவுகோலைக் கவனியுங்கள். 1:50,000 வரைபடத்தில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். அரை மில்லிமீட்டர்ப் பேனாக் கோடே 25 மீட்டரை விழுங்கிவிடும். 10 மீட்டர் அகல ஓடை அதற்குள் காணாமல் போகும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 30 மீட்டர், சென்டினல்-2 படத்தில் 10 மீட்டர். மனை அளவில் முடிவெடுக்க 1:5,000 வரைபடமும், நடந்துபோய் ஜிபிஎஸ்ஸில் குறித்த புள்ளிகளும் வேண்டும். அங்கே மேய்ப்பவர்களையும் மீன் பிடிப்பவர்களையும் கூட அழைத்துச் செல்லுங்கள்.

பிறகு, ஒவ்வொரு துண்டும் யாருக்கு என்ன செய்கிறது என்று எழுதுங்கள்: நீர் ஊறுதல், மகரந்தச் சேர்க்கை, மண் பிடிப்பு, நிழல். நியூயார்க் நகரம் 1997-இல், தன் குடிநீர் வரும் கேட்ஸ்கில் மலைப் பகுதி ஊர்களோடு ஒப்பந்தம் செய்து, பெரும் நீர் வடிகட்டும் ஆலை கட்டுவதற்குப் பதிலாக நீர்ப்பிடிப்பு நிலத்தைப் பாதுகாத்தது. இப்படி ‘இந்த நிலம் போனால் எதைக் கட்ட வேண்டிவரும்’ என்று காட்டினால்தான் நிதி அதிகாரி காது கொடுப்பார்.

பரப்பைவிட வடிவம் பல நேரம் முக்கியம். 100 ஹெக்டேர் காடு, 1 கிலோமீட்டருக்கு 1 கிலோமீட்டர் சதுரம் என்று வையுங்கள். வெயிலும் காற்றும் களைச்செடிகளும் ஓரத்திலிருந்து 100 மீட்டர் உள்ளே வந்தால், பாதிப்பில்லாத உட்பகுதி 64 ஹெக்டேர். அதையே நான்கு சதுரங்களாகப் பிரித்துத் தள்ளி வைத்தால் 36 ஹெக்டேர்தான். 200 மீட்டர் அகலத்தில் 5 கிலோமீட்டர் நீட்டினால் உட்பகுதியே கிடையாது. பரப்பு மூன்றிலும் ஒன்றே. அறிக்கையிலும் ‘100 ஹெக்டேர் பாதுகாப்பு’ என்றே வரும்.

ஓடைக்கரையில் வண்டலை மட்டும் தடுக்க, மென்சரிவில் 10 மீட்டர்த் தாவர ஓரம் போதலாம். நிழலும் விலங்கு நடமாட்டமும் வேண்டுமானால் 30 மீட்டருக்குக் குறைக்காதீர்கள். செங்குத்தான சரிவில் இன்னும் கூட்டுங்கள். இன்றைய நீர் விளிம்பிலிருந்து அல்ல, வெள்ளக் காலக் கரையிலிருந்து அளக்க வேண்டும்.

கட்டியே ஆக வேண்டிய இடத்தில் முதலில் தவிர்க்கப் பாருங்கள், பிறகு பாதிப்பைக் குறையுங்கள், கெட்டதைச் சீரமையுங்கள்; அழித்ததற்குப் பதிலாக வேறிடத்தில் வாழிடம் உருவாக்கி ஈடு செய்வது கடைசி வழி. இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் பெரும்பாலான பெரிய கட்டுமானத் திட்டங்கள், நிலத்தின் பல்லுயிர் மதிப்பை முன்பிருந்ததைவிட 10% கூட்டிக் காட்டி, அதை 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். நல்ல தொடக்கம்தான். ஆனால் பல மரங்களில் பறவை தங்கும் பொந்து உருவாகவே நூறாண்டு பிடிக்கும். முதுமரங்களுக்கும் பழைய சதுப்புகளுக்கும் ஈடு என்ற வழியையே மூடிவிடுங்கள்.

விதியின் வாசகத்தில் ‘இயன்றவரை பாதுகாக்கப்படும்’ என்று எழுதாதீர்கள்; எல்லாமே அந்த ஓட்டை வழியாகப் போய்விடும். ‘வெள்ளக் காலக் கரையிலிருந்து 30 மீட்டருக்குள் கட்டடமோ மண் நிரப்பலோ கூடாது’ என்று எழுதுங்கள். விதிவிலக்கு தந்தால் ஒரே பதிவேட்டில் சேர்த்து, கூட்டுத்தொகையோடு வைத்திருங்கள். அரை ஹெக்டேர் அரை ஹெக்டேராகத்தான் சதுப்புகள் போகின்றன; ஒவ்வொரு கோப்பிலும் ‘பாதிப்பு சிறிது’ என்றே இருக்கும். மொத்த விலக்குக்கு உச்சவரம்பு வைத்து, அதை எட்டிய நாளிலேயே அனுமதி தானாக நிற்கும்படி விதியிலேயே சேர்த்துவிடுங்கள்.