மும்பையில் இ.எஸ்.ஐ. பேனல் டாக்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர், கோவண்டி எங்கும் நம் தமிழ் மக்களில் பலருக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்காகப் பிடித்தம் நடக்கிறது. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் கைக்காசைச் செலவழித்துத் தனியார் கிளினிக்கில் காட்டுகிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது பொறுப்பதில்லை. சம்பளம் 18,000 ரூபாய் என்றால் உங்களிடம் 0.75 சதவீதமாக 135 ரூபாயும், முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமாக 585 ரூபாயும் மாதந்தோறும் போகிறது. முன்கூட்டியே கட்டிவிட்ட மருத்துவம் இது.

தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. என்றால் பெரும்பாலும் அரசு மருந்தகம்தான் நினைவுக்கு வரும். மும்பையில் தனியாகக் கிளினிக் நடத்தும் டாக்டர்களையே இத்திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். இவர்களைத்தான் பேனல் டாக்டர் என்கிறோம். பதிவான ஒவ்வொரு தொழிலாளிக்கும் இவ்வளவு என்று இ.எஸ்.ஐ. அந்த டாக்டருக்குப் பணம் தருகிறது. அதனால் அவர் உங்களிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

முதல் படி: உங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறதா?

சம்பளச் சீட்டைப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனமும் இ.எஸ்.ஐ. சட்டத்தின் கீழ் வருமானால் பிடித்தம் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. நான்கைந்து பேர் மட்டும் வேலை செய்யும் தாராவியின் சின்னப் பட்டறைகளுக்கு இது பொருந்துவதில்லை என்பது வருத்தமான உண்மை.

ஆயுஷ்மான் அட்டையை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அது தருவது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. இருமலுக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் அதைத் தெருமுனை கிளினிக்கில் காட்டிப் பயனில்லை.

இரண்டாம் படி: எண்ணும் அட்டையும்

காப்பீடு பெற்றவருக்குத் தரப்படும் பத்து இலக்க ஐ.பி. எண்ணையும், இணையத்திலிருந்து அச்சிட்ட பெஹசான் எனும் இ.எஸ்.ஐ. அடையாள அட்டையையும் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். அட்டையில் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உங்களை நம்பியிருக்கும் பெற்றோர் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றனவா, எழுத்துகள் ஆதார் அட்டையில் உள்ளபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் பெயர்களில் இனிஷியலை ஒரு இடத்தில் விரித்தும் இன்னொரு இடத்தில் சுருக்கியும் எழுதிவிடுவார்கள். பிறகு அதுவே தொல்லையாகும்.

கான்ட்ராக்டர் மாறும்போது புதியவரிடம் பழைய எண்ணையே கொடுங்கள். வேலை மாறினாலும் எண் ஒன்றுதான். இரண்டாவது எண் போட்டுவிட்டால் நீங்கள் கட்டிய சந்தா இரண்டு கணக்குகளில் சிதறிப்போகும்.

மூன்றாம் படி: டாக்டரைத் தேர்ந்தெடுத்தல்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பதிவுப் படிவத்தில் மருந்தகம் அல்லது பேனல் டாக்டர் என்று ஒரு கட்டம் உண்டு. அலுவலகத்தில் இருப்பவர் கம்பெனிக்குப் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு பெயரை அதில் போட்டுவிடுவார். நீங்கள் அந்தேரியில் வேலை செய்து தாராவியில் குடியிருந்தால், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு லோக்கல் ரயிலில் அந்தேரி போக முடியுமா? வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருப்பவரையே கேளுங்கள்.

பெயர்ப் பட்டியல் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலும் அதன் இணையதளத்திலும் கிடைக்கும். இரண்டு மூன்று பெயர்களைக் குறித்துக்கொண்டு, வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் அந்தக் கிளினிக்குகளுக்குப் போய்ப் பாருங்கள். அப்போது திறந்திருக்கிறதா? இ.எஸ்.ஐ. ஆட்களை எந்த நேரத்தில் பார்ப்பார்? புதிய பெயர்களைச் சேர்க்கிறாரா? ஒரு டாக்டரிடம் இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு இருப்பதால் இதைக் கேட்டே ஆக வேண்டும். எந்த மருந்தை அங்கேயே தருவார், எதற்குச் சீட்டு எழுதுவார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் டாக்டர் நின்று கேட்டுப் பார்க்கிறவரா என்பது புரிந்துவிடும். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மாவுக்கு இந்தியும் மராத்தியும் தெரியாது என்றால், தமிழ் புரியும் டாக்டரோ கம்பவுண்டரோ இருக்கும் இடம் எனக்கு முதல் தேர்வு. வலி எங்கே, எப்படி என்று சொல்லத் தெரியாமல் முதியவர்கள் விழிப்பதைவிட இரண்டு தெரு கூடுதலாக நடப்பது மேல்.

குடும்பம் ஊரில் இருந்தால் இன்னொரு வசதி உண்டு. படிவத்தில் குடும்பத்துக்குத் தனியாக ஒரு இடம் குறிக்கலாம். நீங்கள் மும்பையில் பேனல் டாக்டரைப் பார்க்க, திருநெல்வேலியில் இருக்கும் மனைவியும் பிள்ளைகளும் அங்குள்ள இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போகலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை.

நான்காம் படி: டாக்டர் பெயரை மாற்றுதல்

தேர்ந்தெடுத்த பெயரை நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் கொடுத்து மாற்றச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் அட்டை, ஆதார், முகவரிச் சான்று ஆகியவற்றுடன் கிளை அலுவலகத்தை அணுகுங்கள். மாறியதும் அட்டையைப் புதிதாக அச்சிட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நோய் வரும் முன்பே ஒருமுறை

உடம்பு நன்றாக இருக்கும்போதே குடும்பத்துடன் போய் அறிமுகமாகுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பவர்கள் பழைய சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே மருத்துவ உரிமை உண்டு. "முதலில் சில மாதம் கட்டுங்கள்" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். நோயினால் சம்பளம் இழக்கும்போது கிடைக்கும் 70 சதவீத உதவித்தொகைக்குத்தான் ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாள் சந்தா தேவை. அதற்கான சான்றையும் இந்த டாக்டர்தான் தர வேண்டும். வேறு கிளினிக்கில் பணம் கொடுத்து வாங்கிய சான்றை நம்பி வீட்டில் படுத்துவிடாதீர்கள்.

பெரிய பரிசோதனையோ அறுவை சிகிச்சையோ தேவைப்பட்டால் பேனல் டாக்டர் சீட்டு எழுதி, பரேல் மகாத்மா காந்தி நினைவு மருத்துவமனை போன்ற இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்புவார். அந்தச் சீட்டின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். நெஞ்சுவலி, விபத்து என்றால் சீட்டுக்காகக் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்கே போங்கள்.

கட்டணம் கேட்டாலோ, பதிவான பிறகும் பார்க்க மறுத்தாலோ கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அங்கே நகரவில்லை என்றால் லோயர் பரேலில் என்.எம். ஜோஷி சாலையில் பஞ்சதீப் பவன் என்ற மண்டல அலுவலகம் இருக்கிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-2526. பேசும்போது ஐ.பி. எண்ணையும், கிளினிக்குக்குப் போன தேதியையும் கையில் வைத்திருங்கள்.